முகாமுக்கு வராத ஆண்கள்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: எங்கள் மகளிர் சுயஉதவிக் குழு நடத்திய இரத்த அழுத்தப் பரிசோதனை முகாமுக்கு வயதான சிலரைத் தவிர ஆண்கள் யாரும் வரவில்லை. என் கணவரோ, “கல்லு மாதிரி இருக்கிறேன், எனக்கென்ன?” என்கிறார், குழம்பில் உப்பைக் குறைத்தால் தட்டைத் தள்ளிவிடுகிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, பகல் பதினொரு மணிக்கு முகாம் வைத்தால், கூலி வேலைக்குப் போகிறவர் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கு வந்தாலும், அந்நேரத்தில் வீட்டில் இல்லாதவரின் கையில் பட்டை சுற்ற முடியாது. ஆகவே ஆண்கள் கூடும் இடத்துக்கு நாம்தான் போகவேண்டும்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்தில், கறுப்பின ஆண்கள் வாடிக்கையாகப் போகும் 52 முடிதிருத்தும் கடைகளில், இரத்த அழுத்தம் மிகுந்த 319 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. மருந்தாளுநர் கடைக்கே வந்து மாத்திரை எழுதித் தந்த கடைகளில் ஆறு மாதத்தில் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு (இரண்டு எண்களில் முதலாவது) சராசரியாக 27 புள்ளி குறைந்தது. முடிதிருத்துபவர் அறிவுரை சொல்லி மருத்துவரிடம் போகச் சொன்னதோடு நின்ற கடைகளில் 9 புள்ளிதான் குறைந்தது. அறிவுரையோடு மருந்தும் அதே இடத்துக்கு வந்ததே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்பது என் கருத்து. உங்கள் ஊர்ச் சலூனிலும் ஞாயிறு காலையில், ஆரம்பச் சுகாதார நிலையச் செவிலியரோடு பேசி, இதைச் செய்யலாம். முதுகு சாய்ந்து, பாதம் பதிந்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார அந்த நாற்காலியே தோது. டீக்கும் பீடிக்கும் முன்பே அளந்துவிடுங்கள்.

உப்பு விஷயத்தில், அவருக்கென்று தனிக் குழம்பு வைக்காதீர்கள். அது நோயாளிச் சாப்பாடாகத்தான் தெரியும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு என்பதால், குறைப்பது வீட்டில் எல்லோருக்கும் நல்லது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டிலிருந்து தொடங்கி, குழம்பில் சிறுகச் சிறுகக் குறையுங்கள். இந்தப் பாரம் முழுவதையும் உங்கள் தலையில் சுமத்துவதை நான் ஏற்கவில்லை. அளவைக் குறித்துவைக்கும் நோட்டு அவர் கையிலேயே இருக்கட்டும், பிள்ளைகள் அதை வாரம் ஒருமுறை வாசிக்கட்டும்.

அவருக்கு நெஞ்சை அடைத்து வியர்த்துக் கொட்டினால், வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காமல், உடனே 108ஐ அழையுங்கள்.