கன்னியாகுமரி முனையைத் தவிர, அந்தக் கரையோரத்தில் பார்க்கவேண்டிய வரலாற்று இடங்கள் எவை?

குடும்பத்துடன் மூன்று நாள் பயணமாக வரவிருப்பதாகவும், விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, சூரிய உதயம் ஆகியவற்றுக்கு அப்பால் வரலாற்று ஆர்வத்தோடு பார்க்கத்தக்கவை உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குளச்சலுக்கும் தக்கலைக்கும் இடைப்பட்ட ஊரொன்றில் வளர்ந்தவன் என்ற முறையில் என் பரிந்துரை இது: முனைக்கு ஒரு நாளை ஒதுக்கிவிட்டு, மற்ற இரண்டு நாள்களையும் 18ஆம் நூற்றாண்டில் இக்கரையில் நடந்த ஒரு போரின் தடத்தைப் பின்பற்றிச் செலவிடுங்கள். தனித்தனியே பார்த்தால் ஒரு தூண், ஒரு கல்லறை, ஓர் அரண்மனை, ஒரு கோட்டை என்று மட்டுமே தோன்றுபவை, அந்தப் போரை அறிந்துகொண்டு பார்க்கும்போது ஒரே வரலாற்றின் பகுதிகளாகப் புரியவரும்.

குளச்சலில் தொடங்குங்கள். மிளகு வாணிபத்தைத் தம் கைக்குள் வைத்திருக்க விரும்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுடன் பகை முற்றிய நிலையில், 1741இல் இலங்கையிலிருந்து படையைக் கொண்டுவந்து இங்கே இறக்கினர். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் அப்படை தோற்றது. கரையோர மீனவ மக்கள் மன்னருக்குத் துணைநின்றார்கள் என்பதும், பனந்தடிகளை வண்டிகளில் ஏற்றி வரிசையாக நிறுத்திக் கப்பலில் இருந்தவர்களுக்குப் பீரங்கிகளைப்போலக் காட்டினார்கள் என்பதும் எங்கள் பகுதியில் பெருமையோடு சொல்லப்படும் செய்திகள். வெற்றியின் நினைவாக நிற்கும் தூண், பெரிய நினைவு மண்டபத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்குச் சிறியதாகத் தோன்றலாம். ஐரோப்பிய வாணிப வல்லரசு ஒன்றை இந்திய மன்னர் ஒருவர் போர்க்களத்தில் பணியவைத்த கரை இது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி அழைத்து வாருங்கள்.

அப்போரில் பிடிபட்டவர்களில் டிலனாய் என்ற அதிகாரியும் இருந்தார். மன்னர் அவரைத் தண்டிக்காமல் தம் வீரர்களுக்குப் பயிற்சியளிக்கப் பயன்படுத்திக்கொண்டார். கைதியாக வந்தவர் காலப்போக்கில் திருவிதாங்கூர்ப் படையின் தலைவராகி, ‘வலிய கப்பித்தான்’ என்று அழைக்கப்பட்டார். தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை அவருடைய பொறுப்பில் வலுப்படுத்தப்பட்டது. பீரங்கி வார்க்கும் பட்டறையும் அங்கே இயங்கியது. 1777இல் இறந்த அவருடைய கல்லறை, கோட்டைக்குள் இடிந்து நிற்கும் சிற்றாலயத்தில் இருக்கிறது. அதன்மேல் இலத்தீனிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ள எழுத்துகளை நின்று படிக்காமல் வராதீர்கள். கோட்டை இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாக இருப்பதால், பலர் விலங்குகளையும் மரங்களையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் ஒன்று.

அங்கிருந்து திருவிதாங்கூர் மன்னர்களின் பத்மநாபபுரம் அரண்மனை மிக அருகில்தான். இதற்கு அரை நாளாவது வேண்டும். ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தின் மரவேலை, மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்குள் வெயிலின் கடுமையைத் தணித்து ஒளியை விடும் சன்னல்கள், கண்ணாடிபோல் மின்னும் கருந்தரை ஆகிய ஒவ்வொன்றும் நிதானமாகப் பார்க்கவேண்டியவை. உப்பரிகை மாளிகையின் மேல்தளம் பத்மநாப சுவாமிக்கென்றே ஒதுக்கப்பட்டது. போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1750இல், மார்த்தாண்ட வர்மா தம் அரசையே அத்தெய்வத்திற்கு ஒப்படைத்து, அதன் அடியாராக இருந்து ஆண்டார் என்பதை அறிந்தால் அந்த ஏற்பாட்டின் பொருள் விளங்கும். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுடன் இணைந்துவிட்டாலும், அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே பராமரிக்கிறது. இன்றும் நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாக எழுந்தருளுகிறார்கள். அந்நாள்களில் உங்கள் பயணம் அமையுமானால் அதைக் காணத் தவறாதீர்கள்.

நேரம் இருந்தால் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்கும் செல்லுங்கள். அரண்மனை அலுவலராக இருந்த நீலகண்ட பிள்ளை, டிலனாயின் நட்பால் கிறித்தவரானார். 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவருடைய கல்லறை அப்பேராலயத்தில் உள்ளது. தேவசகாயம் என்ற பெயரில் 2022ஆம் ஆண்டு மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். குளச்சலுக்குப் பக்கத்திலுள்ள மண்டைக்காடு பகவதி கோயிலும், தக்கலை பீர்முகம்மது அப்பா தர்காவும் வழியிலேயே இருப்பவை.

வட்டக்கோட்டையை முனைக்குரிய நாளின் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரிக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இக்கருங்கல் கோட்டையும் டிலனாயின் மேற்பார்வையில் புதுப்பிக்கப்பட்டதே. மதில்மேல் நின்றால் ஒருபுறம் கடலும் மறுபுறம் மேற்குத் தொடர்ச்சி மலையும் தெரியும். காவலுக்கு இவ்விடத்தை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் பயண நாள்களை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். மூன்று இரவும் முனையில் தங்குவதைவிட நாகர்கோவிலில் தங்குவது நல்லது. குளச்சல், தக்கலை, கன்னியாகுமரி ஆகிய மூன்று திசைகளுக்கும் அங்கிருந்து பேருந்துகள் அடிக்கடி உண்டு. கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐயப்ப பக்தர்களின் வருகையால் பாறைக்குச் செல்லும் படகுக்கு நெடுநேரம் வரிசையில் நிற்க நேரும். அம்மாதங்களில் வருவதானால் அதிகாலையிலேயே படகுத்துறைக்குச் சென்றுவிடுங்கள்.