நேரலைத் தாமதம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் விளையாடும் கணினி விளையாட்டுகளை யூடியூபில் நேரலையாக ஒளிபரப்புகிறேன். நான் ஒன்றைக் கேட்டால், பார்வையாளர்களின் பதில் சாட்டில் வந்துசேர ஏறக்குறைய அரை நிமிடம் ஆகிறது. இணைய வேகத்தை இரு மடங்காக உயர்த்திய பின்னும் மாற்றம் இல்லை. கோளாறு எங்கே இருக்கிறது?

பதில்: இதைக் கோளாறு என்றே சொல்ல முடியாது. அந்த அரை நிமிடத்தில் உங்கள் இணைய இணைப்பின் பங்கு மிகச் சிறியது. உங்கள் கணினியில் உள்ள என்கோடர் காட்சியைச் சுருக்குவதற்கும், அது தளத்தின் சர்வரை அடைவதற்கும் பொதுவாக ஓரிரு விநாடிகள் போதும். அதன் பிறகு தளம் அக்காட்சியைப் பல தரங்களில் மறுபடியும் உருவாக்கிச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. பார்வையாளரின் பிளேயரோ சில துண்டுகளைக் கையிருப்பாகச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. காட்சியைத் துண்டுகளாக அனுப்பப் பரவலாகப் பயன்படும் எச்எல்எஸ் முறைக்கு 2017ஆம் ஆண்டில் வெளியான விதிமுறை, நேரலையின் நுனியிலிருந்து குறைந்தது மூன்று துண்டுகளின் நீளமாவது பின்னால் இருந்து தொடங்குமாறு பிளேயருக்குச் சொல்கிறது. ஒரு துண்டு 6 விநாடி என்றால், 18 விநாடிகள் அங்கேயே போய்விடுகின்றன. பார்வையாளரின் இணைப்பு சற்றுத் தடுமாறினாலும் படம் நின்றுவிடாமல் காப்பது இந்தக் கையிருப்புதான் என்பதால், அதைக் குறைப்பதற்கு ஒரு விலை உண்டு.

யூடியூப் ஸ்டுடியோவில் சாதாரணத் தாமதம், குறைந்த தாமதம், மிகக் குறைந்த தாமதம் என்று மூன்று தெரிவுகள் உள்ளன. சாட்டுடன் உரையாடிக்கொண்டே விளையாடுபவருக்கு நடுவில் உள்ளதே பொருத்தம் என்பது என் கருத்து. மிகக் குறைந்த தாமதத்தில் பதில் சில விநாடிகளில் வந்துவிடும். ஆனால் இணைப்பு பலவீனமாக உள்ளவர்களுக்குப் படம் அடிக்கடி நின்று சுற்றும், அவர்கள் அதைச் சொல்லாமலே வெளியேறிவிடுவார்கள். 4கே தரத்தில் ஒளிபரப்ப விரும்பினால் இவ்விரு குறைந்த தாமதத் தெரிவுகளும் கிடைக்காது. ட்விட்ச் தளத்திலும் குறைந்த தாமதத்திற்கான தெரிவு இருக்கிறது.

அடுத்ததாக, ஒளிபரப்பை அனுப்பப் பயன்படும் ஓபிஎஸ் மென்பொருளில் கீஃபிரேம் இடைவெளியைப் பாருங்கள். முழுப் படமாக வரும் கீஃபிரேமில்தான் ஒவ்வொரு துண்டும் தொடங்க முடியும். இடைவெளி நீண்டால் துண்டும் நீளும், தாமதமும் கூடும். இரண்டு தளங்களும் பரிந்துரைப்பது 2 விநாடிகள். பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவை, உங்கள் பதிவேற்ற வேகத்தின் விளிம்பு வரை ஏற்றிவிடாமல் கணிசமான இடம் விட்டு வையுங்கள். உங்கள் பக்கம் ஃபிரேம்கள் தவறினால் பார்வையாளரின் பிளேயர் நின்று மறுபடி ஓடும். அப்படி நிற்கும் ஒவ்வொரு முறையும் அவர் நேரலையிலிருந்து இன்னும் பின்தங்குவார். பிளேயரில் உள்ள நேரலைப் பொத்தானை அழுத்தினால் மீண்டும் நுனிக்கு வந்துவிடலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. அவ்வப்போது நினைவூட்டுங்கள்.

தாமதத்தை ஊகிக்க வேண்டியதில்லை. விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்றைத் திரையில் காட்டி, அதே ஒளிபரப்பைக் கைப்பேசியில் ஒலியை அடக்கிவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். அந்த எண்ணை அறிந்துகொண்டால் வாக்கெடுப்பு நடத்தும்போதும் உதவும்: 20 விநாடி தாமதமுள்ள ஒளிபரப்பில் 15 விநாடிக்கு வாக்கெடுப்பு வைத்தால், "வாக்களியுங்கள்" என்று நீங்கள் சொல்வது பார்வையாளரின் காதில் விழும்போது வாக்கெடுப்பு முடிந்திருக்கும்.

கேள்வி: என் சிக்கல் இதற்கு நேர்மாறானது. வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை விளையாடும்போது எதிரணியினர் என் ஒளிபரப்பைப் பார்த்து நான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறேன். எவ்வளவு தாமதம் வைக்கலாம்?

பதில்: ஸ்ட்ரீம் ஸ்னைப்பிங் எனப்படும் இந்தத் தொல்லைக்கு, நீங்கள் தரும் தகவல் காலாவதியாகும் வரை அதைத் தாமதப்படுத்துவதே மருந்து. வேலரன்ட்டில் ஆயுதம் வாங்க வழக்கமாக 30 விநாடி, சுற்றுக்கு 100 விநாடி, ஸ்பைக் எனும் வெடிகுண்டை வைத்த பின் 45 விநாடி என்று கூட்டினால் மிக நீண்ட சுற்றும் 3 நிமிடத்திற்குள் முடிந்துவிடும். ஆகவே 180 விநாடிகள் வைத்தால், எதிராளி பார்க்கும் காட்சி எப்போதும் முடிந்துபோன சுற்றாகவே இருக்கும். ஓபிஎஸ் அமைப்புகளில் 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'ஸ்ட்ரீம் டிலே' என்று இருப்பதை இயக்கி, விநாடிகளைக் குறிப்பிடுங்கள். தாமதப்படுத்திய காட்சி நினைவகத்தில் தேங்கும். 6,000 கேபிபிஎஸ் பிட்ரேட்டில் 3 நிமிடத்திற்கு ஏறக்குறைய 135 எம்பி என்பதால் அது ஒரு சுமையே அல்ல. ஆனால் ஒளிபரப்பை முடிக்கும்போது கவனம் வேண்டும்: தேங்கியிருப்பதைக் கைவிட்டு நிறுத்தும் பொத்தானை அவசரத்தில் அழுத்திவிட்டால், கடைசி 3 நிமிடங்கள் பார்வையாளரைச் சென்றடையாமலே மறைந்துவிடும்.

காட்சி தாமதமானாலும் சாட் தாமதமாவதில்லை. "வென்றுவிட்டோம்" என்று நீங்களோ சாட்டைக் கண்காணிக்கும் உங்கள் மாடரேட்டரோ தட்டச்சு செய்தால், அது காட்சிக்கு 3 நிமிடம் முன்பே எல்லோரையும் எட்டிவிடும். பார்வையாளர் "அது ஏன்?" என்று கேட்கும்போது எதைக் கேட்கிறார் என்பதும் உங்களுக்குப் புரியாது, கேள்வியுடன் அப்போது திரையில் தெரியும் புள்ளி நிலவரத்தையும் எழுதச் சொல்லுங்கள். சாட்டைச் சுற்றுகளின் இடைவேளையில் மொத்தமாகப் படித்துப் பதில் சொல்வது, நடுவில் எட்டிப் பார்ப்பதைவிடச் சிறந்தது. விறுவிறுப்பான உரையாடலும் முழுப் பாதுகாப்பும் ஒரே ஒளிபரப்பில் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். தரவரிசை ஆட்டங்களுக்கு நீண்ட தாமதமும் நண்பர்களுடனான ஆட்டங்களுக்குக் குறுகிய தாமதமும் என நாட்களைப் பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. அறைக் குறியீடு தெரியும் விளையாட்டுகளிலும், ஆட்டம் தேடும் திரையிலும், தாமதத்தைக் கூட்டுவதைவிட அந்தப் பகுதியை ஒரு படத்தால் மறைத்துவிடுவது எளிது.

கேள்வி: கன்சோலை கேப்சர் கார்டில் இணைத்து, ஓபிஎஸ் திரையைப் பார்த்தே விளையாடுகிறேன். பொத்தானை அழுத்திச் சற்று நேரம் கழித்துதான் பாத்திரம் நகர்கிறது. ஒளிபரப்புத் தாமதத்தைக் குறைத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது; இரண்டுக்கும் தொடர்பில்லை. கேப்சர் கார்ட் காட்சியைப் பிடித்துக் கணினிக்குக் கொடுப்பதிலேயே அந்தத் தாமதம் உண்டாகிறது. கார்டில், கன்சோலின் காட்சியை அப்படியே வெளியே அனுப்பும் பாஸ்த்ரூ எச்டிஎம்ஐ வெளியீடு இருந்தால் அதைத் தொலைக்காட்சியுடன் இணைத்து அதைப் பார்த்து விளையாடுங்கள். அதன் பிறகு உங்கள் குரல் ஆட்டத்தின் காட்சியை முந்திக்கொண்டு கேட்டால், ஓபிஎஸ் ஒலிப் பண்புகளில் மைக்கிற்கான 'சிங்க் ஆஃப்செட்' மதிப்பை மில்லிவிநாடிகளில் சிறிது சிறிதாகக் கூட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.