பதினான்கு வயது மகளோடு ‘சோஷியல் ஸ்டடீஸ்’ பார்க்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள். டீன்ஏஜ் பிள்ளைகளின் சோஷியல் மீடியா வாழ்க்கையைக் காட்டும் ‘சோஷியல் ஸ்டடீஸ்’ என்ற ஆவணத் தொடரைப் பார்க்கச் சொல்கிறார்கள். அவளை உட்கார வைத்துக் காட்டினால் திருந்துவாளா?

பதில்: திருத்துவதற்காக என்றால் காட்டாமல் இருப்பதே மேல். “பார், உன்னைப் போலத்தான்” என்ற நினைப்பு உங்கள் முகத்தில் தெரிந்தாலே போதும், எழுந்து போய்விடுவாள். அவள் புழங்கும் உலகம் எப்படிப்பட்டது என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காக என்றால், தாராளமாகப் பாருங்கள்.

லாரன் கிரீன்ஃபீல்டு இயக்கிய இந்தத் தொடர் 2024-இல் வந்தது, ஐந்து பகுதிகள். ஊரடங்குக்குப் பிறகு பள்ளிக்குத் திரும்பிய லாஸ் ஏஞ்சலஸ் பிள்ளைகளை ஒரு கல்வியாண்டு முழுக்கப் பின்தொடர்ந்து எடுத்தது. தங்கள் போன் திரையையே பதிவு செய்துகொள்ள அவர்கள் சம்மதித்ததுதான் இதன் பலம். பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே அது பார்க்கும் திரையும் பக்கத்தில் ஓடுகிறது. வாயில் வராதது திரையில் தெரிந்துவிடுகிறது. கேமராவுக்கு முன் வரத் தயங்காத ஒரு பெருநகரத்துப் பிள்ளைகள் இவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் மகளின் நிலவரம் வேறாக இருக்கலாம்.

முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். தோற்றக் கவலை, பாலியல், கேலி, உணவுக் கோளாறு, தற்கொலை எண்ணம் என எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் வருகின்றன. உங்கள் மகள் சாப்பாட்டைத் தவிர்க்கிறாளா, அடிக்கடி எடை பார்க்கிறாளா, சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்குள் போய்விடுகிறாளா? அப்படியென்றால் தொடர் வேண்டாம், முதலில் டாக்டர். அந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்கு எடை குறைப்பது பற்றிய காட்சிகள் எச்சரிக்கையாகத் தெரியாது, வழிமுறையாகத் தெரியும்.

சேர்ந்து பார்க்கும்போது ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். ரிமோட் அவள் கையில் இருக்கட்டும். நடுவில் நிறுத்தி விளக்கம் சொல்லாதீர்கள். உங்கள் போனையும் தள்ளி வையுங்கள் (நீங்கள் எடுத்தால் முதலில் கவனிப்பது அவள்தான்). முடிந்ததும் “நீயும் இப்படித்தான் செய்கிறாயா?” என்று கேட்காமல், “உன் வகுப்பில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?” என்று கேளுங்கள். தன்னைப் பற்றிப் பேசத் தயங்கும் பிள்ளைகள்கூட அடுத்தவரைப் பற்றி என்றால் பேசுவார்கள். அவள் சொல்லும் ‘ஒரு ஃபிரெண்டு’ சில சமயம் அவளேகூட இருக்கலாம். யார் என்று துருவ வேண்டாம்.

என்ன சொன்னாலும் அந்த நிமிடமே போனைப் பிடுங்காதீர்கள். பல பிள்ளைகள் மிரட்டலில் சிக்கியும் வீட்டில் வாய் திறக்காததற்கு, போன் போய்விடுமே என்ற பயம் ஒரு முக்கியக் காரணம். அந்தரங்கப் படம் யார் கையிலோ மாட்டியிருந்தால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கானது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. போனிலேயே அதற்கு ஒரு டிஜிட்டல் கைரேகை (அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீடு) உருவாகும், அதை வைத்து இதில் சேர்ந்துள்ள தளங்கள் படத்தைத் தேடி நீக்கும். மிரட்டியவரின் மெசேஜ்களை மட்டும் அழித்துவிடாதீர்கள், புகார் கொடுக்கத் தேவைப்படும்.

அப்புறம் செட்டிங்ஸ். இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கென டீன் கணக்குகளைக் கொண்டுவந்தது. கணக்கு தானாகவே பிரைவேட் ஆகும், இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் வராது. 16 வயதுக்குக் கீழ் என்றால் இதைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். ஆனால் இதெல்லாம் கணக்கில் இருக்கும் பிறந்த தேதியைப் பொறுத்தது. 13 வயது ஆவதற்கு முன்பே கணக்குத் தொடங்கப் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்ட பிள்ளைகள் ஏராளம். உங்கள் மகளின் கணக்கில் என்ன வருடம் இருக்கிறது என்று அவளோடு சேர்ந்து பார்த்து, தவறென்றால் திருத்திவிடுங்கள்.