வாக்கிங் பத்து நாளில் நின்றுபோகிறது, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 46. பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.4. விடிகாலையில் வாக்கிங் ஆரம்பிப்பேன். மழை வந்தாலோ, ஊரிலிருந்து யாராவது வந்தாலோ ஒரு நாள் விட்டுப்போகும். அதோடு சரி. இரவு மாத்திரையும் அடிக்கடி மறந்துபோகிறது. 21 நாள் தொடர்ந்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள், நான் அதைத் தாண்டியதே இல்லை. எனக்கு மனஉறுதி இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா டாக்டர்?

பதில்: இல்லை டீச்சர். முப்பது நாற்பது பிள்ளைகளைத் தினமும் கட்டி மேய்க்கிறவருக்கு மனஉறுதி இல்லை என்றால் யார் நம்புவது?

முதலில் அந்த 21 நாள் கணக்கை விட்டுவிடுங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகம் பழகுவதற்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதினார். அது கைமாறிக் கைமாறி எல்லாப் பழக்கத்துக்கும் விதியாகிவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. ஒரு செயல் யோசிக்காமலே வருகிற பழக்கமாக ஆவதற்குப் பொதுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று மதிப்பிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பதையும் அதே ஆய்வில் பார்த்தார்கள். உங்களைக் கெடுத்தது அந்த மழை நாள் இல்லை. 'போச்சு, எல்லாம் போச்சு' என்று மறுநாளும் படுத்துவிட்டீர்களே, அதுதான்.

சரி, மனஉறுதிக்கு வருவோம். 2002-இல் பிரிட்டனில் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். வாரம் ஒரு முறை 20 நிமிடம் நன்றாக உடற்பயிற்சி செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஒரு குழுவுக்கு இதய நோயைப் பற்றியும் உடற்பயிற்சியின் பலனைப் பற்றியும் படிக்கக் கொடுத்தார்கள். அதில் 35 சதவீதம் பேர்தான் செய்தார்கள். எதையும் படிக்காத குழுவில்கூட 38 சதவீதம்! மூன்றாவது குழுவினர் அதே விஷயத்தைப் படித்ததோடு, 'எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில்' என்றும் எழுதி வைத்தார்கள். அவர்களில் 91 சதவீதம் பேர் செய்து முடித்தார்கள். ஆசை எல்லோருக்கும் இருந்தது. நேரமும் இடமும் குறித்தவர்கள்தான் கிளம்பினார்கள்.

உங்கள் விடிகாலையை யோசித்துப் பாருங்கள். சமையல், டிபன் பாக்ஸ், பஸ்ஸுக்கு ஓட்டம். அதற்குள் வாக்கிங்கையும் திணித்தால் எது முதலில் விழும்? அதனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடங்கள். இது சமாதானத்துக்குச் சொல்வதில்லை. நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகம் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வந்தது. ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்ட பின் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை 12 சதவீதம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 சதவீதம்.

ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள்: 'சாப்பிட்டுக் கை கழுவியதும் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய் வருவேன். மழை என்றால் வீட்டுக்குள்ளேயே நடப்பேன்.' மழைக்கு என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். பாத்திரம் கழுவிவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் போக மாட்டீர்கள். அந்தப் பத்து நிமிடம் பாத்திரத்தை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். மனஉறுதியைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் நான் கேட்கும் உதவி இதுதான்.

மாத்திரை இப்போது பீரோவிலோ பிரிட்ஜ் மேலோ இருக்கும். எடுத்துத் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ஏழு நாளுக்கும் ஏழு அறை உள்ள டப்பா மருந்துக் கடையில் கிடைக்கும். போட்டோமா இல்லையா என்ற குழப்பம் வராது. என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. மெட்ஃபார்மின் என்றால் சாப்பாட்டோடு போடுவதே வயிற்றுக்கு நல்லது. ஒரு வேளை மறந்தால், அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட்டுவிடாதீர்கள். கிளிமிபிரைட் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறீர்கள் என்றால், நடக்கும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி நடுக்கமும் வியர்வையும் வரலாம்; கையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். காலில் மரத்துப்போன உணர்வு இருந்தால் செருப்பு வேண்டாம், பாதம் முழுவதும் மூடும் ஷூ போடுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சு வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எதிலுமே பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருக்கிறதா? சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் வரும். அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு. உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி மறுபடி பாருங்கள். ஒழுங்காக நடந்து, மாத்திரையும் விடாமல் போட்டும் இறங்கவில்லை என்றால் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். ரிப்போர்ட்டோடு அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.