கடன் கொடுத்தால் வறுமை போகுமா? சமூகத் தொழில்முயற்சி பற்றிய கேள்விகளும் பதில்களும்

வணக்கம். இலங்கையின் வடக்கில் பெண்கள் குழுக்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கணக்கும் சந்தை வேலையும் பார்த்துக் கொடுப்பவள் நான். இந்தக் கிழமை கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அக்கா, சமூகத் தொழில்முயற்சி என்பது தொண்டு நிறுவனம்தானே, பெயர் மட்டும்தானே வேறு? (கோப்பாய்)

இல்லை தம்பி. தொண்டு நிறுவனத்துக்கு அடுத்த வருஷமும் யாராவது காசு தந்தால்தான் வேலை நடக்கும். இது தன் விற்பனையில் நிற்கவேண்டும், வரும் லாபம் ஏழைச் சனத்துக்கான அந்த வேலைக்கே திரும்பப் போகவேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். 1976 இல் 11 கட்டில்களோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கியது. காசு கொடுக்கக்கூடியவர்கள் கொடுப்பதில் இல்லாதவர்களுக்கும் சத்திரசிகிச்சை நடக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992 இல் தாங்களே லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். செலவைக் குறைத்தார்கள், தரத்தைக் குறைக்கவில்லை.

பங்களாதேஷில் நுண்கடன் சனத்தை உயர்த்தியது என்கிறார்கள், இங்கே ஏன் எங்கள் பெண்களை அழித்தது? (கிளிநொச்சி)

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நுண்கடன் என்பது ஏழைகளுக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கும் சிறு கடன். அதைப் பங்களாதேஷில் பிரபலமாக்கிய பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸ் 1976 இல் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து 27 டொலர். அவர்கள் ஏற்கெனவே மூங்கில் முக்காலி போன்ற பொருள் செய்து விற்றவர்கள், வட்டிக்காரரிடம் மாட்டியிருந்தவர்கள். தொழில் இருந்தது, முதல்தான் இல்லை. இங்கே போருக்குப் பிறகு வருமானமே இல்லாத வீடுகளுக்கு, அதிலும் கணவனை இழந்து தனியாகக் குடும்பம் பார்க்கும் பெண்களுக்கு, வாசலில் வந்து கடன் கொடுத்துவிட்டுக் கிழமைதோறும் தவணைக்கு வந்து நின்றார்கள். ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட நகை அடகு. 2018 இல் அரசாங்கம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது, மத்திய வங்கி வருஷ வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு வைத்தது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும், நீங்களே யோசியுங்கள்.

கடன் மட்டும் வறுமையைப் போக்காது. மிக ஏழைகளுக்குப் பங்களாதேஷின் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் 2002 இல் தொடங்கிய முறைதான் எனக்குப் பிடித்தது: திருப்பிக் கட்டத் தேவையில்லாத ஆடு, மாடு, கொஞ்சக் காலம் சாப்பாட்டுச் செலவுக்குக் காசு, பயிற்சி, சேமிப்பு, அடிக்கடி வீட்டுக்கு வந்து பார்க்க ஒருவர். ஆறு நாடுகளில் அந்த முறையைச் சோதித்து 2015 இல் வெளியான ஆய்வில், உதவி நின்று ஒரு வருஷம் கழிந்தும் அந்தக் குடும்பங்கள் உதவி கிடைக்காத குடும்பங்களைவிட நன்றாகவே இருந்தன.

லண்டனில் எங்கள் ஊர்ச் சங்கம் பத்துத் தையல் மெஷின் அனுப்ப நினைக்கிறது. நல்லதா?

மெஷின் வரட்டும், ஆனால் தைத்ததை யார் வாங்குவது? மாணவர்களுக்குச் சீருடைத் துணி அரசாங்கம் தருகிறது, தையல்கூலி பெற்றோர் பொறுப்பு. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தையல்கூலியைச் சங்கம் ஏற்று, ஒவ்வொரு வருஷமும் அந்தப் பெண்களுக்கே அந்த வேலை போகும் என்று எழுத்தில் கொடுங்கள். மெஷினைவிட அது பெரிய உதவி.

ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி பொதி செய்து கொழும்புக்கு அனுப்பலாமா? நாங்கள் எட்டுப் பெண்கள். (பருத்தித்துறை)

செய்யுங்கள் தங்கச்சி, ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம். ஒடியலுக்கான பனங்கிழங்கு தை, மாசியில் வரும், விற்பனை வருஷம் முழுக்க, அதனால் சரக்கு வாங்கிக் காயவைத்து வைக்க முதல் வேண்டும். அடுத்தது, கொழும்புக் கடைகள் பல கடனுக்கு எடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்துத்தான் காசு தரும், அதுவரை எட்டு வீட்டிலும் உலை வைக்கவேண்டுமே. முதல் வருஷம் உடனே காசு தருகிற உள்ளூர்க் கடைகளுக்கும் கோயில் திருவிழாக் காலத்துக்கும் மட்டும் கொடுங்கள். உங்கள் பக்கத்துப் பனை தென்னைக் கூட்டுறவுச் சங்கத்தையும் ஒருதரம் போய்ப் பாருங்கள், பொதி செய்யும் இடம் கிடைக்கலாம்.

சமூகத்துக்கென்று தொடங்கிவிட்டு நானே சம்பளம் எடுப்பது சரியா?

சரிதான். எடுக்காமல் ஒரு வருஷம் ஓடலாம், அப்புறம் வீட்டுக் கஷ்டத்தில் நீங்களே விட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். தொகையை எல்லோருக்கும் தெரியும்படி கணக்குப் புத்தகத்தில் எழுதுங்கள், வேலை செய்யும் பெண்களுக்குச் சேமலாப நிதியும் (ஓய்வுக்காலச் சேமிப்பு) கட்டுங்கள்.