பனி உருகினால் தண்ணீர் உடனே ஆற்றுக்கு வந்துவிடுமா?

மணாலி போய்வந்த நாகர்கோவில்காரர் ஒருவரின் கேள்வி: வெயிலில் பனி உருகுகிறது, ஆற்றில் ஏன் அப்போதே தண்ணீர் ஏறவில்லை?

கோதையாறு மலையில் பெருமழை கொட்டினால் திற்பரப்பு அருவி சீக்கிரமே கலங்கிப் பொங்கிவிடும். பனி அப்படியல்ல. குளிர்காலம் முழுக்கக் குவிந்த பனியின் உட்புறம் பூஜ்ஜியத்துக்கும் கீழே குளிர்ந்திருக்கும். மேலே உருகிய நீர் இறங்கும் வழியிலேயே மறுபடி உறைந்துவிடும். ஆனால் அது வீண் இல்லை. 1 கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் வெளிவரும். சுமார் 160 கிராம் பனியை 1 டிகிரி சூடேற்ற அது போதும். உறைவதே சூடாக்குகிறது, எனக்கு இதில் பிடித்த இடமே இதுதான்! பனி முழுவதும் 0 டிகிரிக்கு வந்த பிறகும் துகள்களின் இடுக்குகள் கொஞ்சம் நீரைப் பிடித்துவைக்கும். மிச்சம்தான் இறங்கும்.

அதுவும் ஒரே சீராக இறங்காது. சங்குத்துறை கடற்கரையில் காய்ந்த மணலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றித் தோண்டிப் பாருங்கள். ஓரிடம் ஈரம், பக்கத்திலேயே காய்ந்த மணல். பனியிலும் விரல் விரலாக வழி பிடிக்கும். நடுவில் பனிக்கட்டிப் படலம் குறுக்கிட்டால் சரிவோடு பக்கவாட்டில் ஓடும்.

சரி, முழுக்க நனைந்த பிறகு? வேகம் கூடும். அப்போதும் நண்பகலில் உருகியது ஆற்றில் தெரிய மாலையோ இரவோ ஆகலாம். காலையில் ஓடையைச் சுலபமாகத் தாண்டியவர் சாயங்காலம் திரும்ப முடியாமல் நிற்பது அதனால்தான்.