கோத் ஸ்டைல்ல டிரெஸ் பண்றவங்க கிறிஸ்தவங்களா இருக்க முடியுமா?

முடியும், நெறைய பேர் இருக்காங்க. கோத்னா தலையிலிருந்து கால் வரைக்கும் கருப்பு டிரெஸ், கண்ணுக்குத் தீட்டுன மை, வெள்ளி சிலுவை, லேஸ் வச்ச கவுன். 1970கள் கடைசியில பிரிட்டன்ல பங்க் இசைக்கு அடுத்து வந்த பேண்டுகளைச் சுத்தி உருவான ஸ்டைல் இது, மதம் கிடையாது, 1982ல லண்டன்ல பேட்கேவ்னு ஒரு கிளப் தொறந்தப்புறம் இன்னும் பரவுச்சு.

சர்ச்சுக்கு இது ஏன் ஒத்துப்போகுதுன்னா, சாவு, துக்கம், இருட்டு இதெல்லாம் கிறிஸ்தவத்துக்குப் புதுசே இல்ல, பெரிய வெள்ளி முழுக்க அதுதானே, பழைய ஐரோப்பிய சர்ச் கல்லறைகள்ல மண்டை ஓடே செதுக்கி வச்சிருப்பாங்க. கேம்பிரிட்ஜ்ல செயின்ட் எட்வர்ட்னு ஒரு ஆங்கிலிக்கன் சர்ச், அங்க கோத் ஆளுங்களுக்குன்னே தனியா நற்கருணை ஆராதனை நடத்தியிருக்காங்க.

"பைபிள்ல அலங்காரம் கூடாதுன்னு இருக்கே"ம்பாங்க. 1 தீமோத்தேயு 2:9ல சொல்றது பின்னின மயிர், பொன், முத்து, விலையுயர்ந்த துணி பத்தி, அதாவது பணத்தைக் காட்டிக்கிறது பத்தி, கருப்பு கலர் பத்தி இல்ல. (அப்படிப் பாத்தா நம்ம கல்யாண வீட்டுப் பட்டும் நகையும்தான் மொதல்ல மாட்டும்!)

நம்மூர்ல கார்த்திகை மாசம் கருப்பு வேட்டியோட ஒருத்தர் வந்தா "சாமி"ன்னு வழிவிடுறோம், பயப்படுறதில்ல, ஏன்னா காரணம் தெரியும். அங்கயும் அதே கதைதான்.

அப்புறம், கோத்தும் சாத்தான் வழிபாடும் ஒண்ணுன்னு பலர் நினைக்கிறாங்க, ரெண்டும் வேற வேற.